விமானத்தின் தலையில் ஒரு கதவு

அந்தப் புல்தரை விமானத் திடலில் ஆர்லிஸ் டோர்வாலின் முகத்தைவிட அவள் பாதங்களைத்தான் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் பனி உருகியதும் அவள் தன் மஞ்சள் விமானத்துக்குள் தலைகீழாகப் போய்விடுவாள். தலை டேஷ்போர்டுக்கு அடியில், முதுகு தரையில், கால் இரண்டும் இருக்கைச் சாய்மானத்துக்கு மேலே. பேட்டரியும் ரேடியோவும் அவற்றின் வயர்களும் அந்தப் பொந்துக்குள்தான் கிடந்தன. பக்கத்து விமானக் கொட்டகைக்காரர்கள் காப்பிக் கோப்பையோடு வந்து, அந்தக் கால்களிடம் குசலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை யாரோ ஷூ நாடா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, அவள் புருஷன் வெண்டல்தான்.

பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு மக்ரோனி கிண்டிக் கிண்டி ஓய்வு பெற்றவள் ஆர்லிஸ். அந்த விமானத்தில் அவள் கை படாத ரிவெட் ஆணி ஒன்றுகூடக் கிடையாது. மினசோட்டாக் குளிரில், கார் நிறுத்தும் ஷெட்டுக்குள், உள்பக்கம் அவள் இரும்புக்கட்டையை முட்டுக்கொடுக்க, வெளிப்பக்கம் வெண்டல் அடிக்க, தகடு தகடாகச் சேர்த்தது அது. எல்லாம் முடிந்து இஞ்சினை முடுக்கிய பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. வீட்டைக் கட்டிவிட்டு வாசலை மறந்த கதை. பறக்க எல்லாம் வைத்தார்கள், பழுது பார்க்கக் கை நுழைய வழி வைக்கவில்லை.

இந்த வருஷம் அவள் தோள் மடங்க மறுத்தது. உள்ளே போனவளால் வெளியே வர முடியவில்லை. வெண்டல் கணுக்காலைப் பிடித்து, மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவன் கன்றை இழுப்பதுபோல் இழுத்தெடுத்தான். அவள் முனகிய முனகலைக் கேட்டு அவன் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாளே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், விமானம் விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்துவிட்டான். சனிக்கிழமை பக்கத்து மாநிலமான ஐயோவாவிலிருந்து ஒரு ஆள் வருவதாகவும் சொன்னான்.

"வித்துட்டியா?"

"பார்க்க வர்றான். அவ்வளவுதான்."

"உன்னைக் காட்டி ஒரு விலை கேட்டுப் பாரேன்."

"ஆர்லிஸ், உன் தோளு உள்ள போக மாட்டேங்குது. என் தொப்பை என்னைக்குமே போனதில்ல. வெளியாளைத் தொட விடவும் மாட்ட. அப்புறம் யாருதான் அதைப் பார்க்குறது?"

ஆர்லிஸ் முன்கண்ணாடிக்கும் இஞ்சினுக்கும் நடுவே இருந்த மேல்தகட்டை விரலால் தட்டினாள். பேட்டரி அதற்கு நேர் கீழேதான் இருந்தது.

"இங்க ஒரு கதவு வைக்கிறேன். சனிக்கிழமைக்குள்ள."

"மழை பெஞ்சா ரேடியோ மேல ஒழுகும்."

"ஒரு சொட்டு விழுந்தாலும் நீ வித்துக்கோ."

"ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டுதான்."

"விழலைன்னா அந்த ஐயோவாக்காரனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிடு."

அவளே கட்டியது, அவளே வெட்டலாம், சட்டம் குறுக்கே நிற்காது. குறுக்கே நின்றது அவள் கைதான், அதற்கு வெட்ட மனசு வரவில்லை. ஓட்ஸ் டப்பா அட்டையைப் பிரித்துக் கதவின் அளவுக்கு அச்சு வெட்டினாள். மூலை கூராக இருந்தால் தகடு அங்கிருந்து கிழியும் என்பதால் காப்பிக் கோப்பையைக் கவிழ்த்து வளைவாகக் கோடு போட்டாள். பிறகு தானே தேய்த்து மெருகேற்றிய மஞ்சள் பெயிண்டின்மேல் ரம்பத்தை வைத்தாள். வெண்டல் திரும்பி நின்றுகொண்டான். பல் பிடுங்கும் இடத்தில்கூட அவன் அப்படித்தான் நிற்பான்.

துண்டு கழன்று வந்தது. டார்ச் வெளிச்சத்தைத் தவிர வேறெதையும் பார்த்திராத பேட்டரிமேல் மினசோட்டா வெயில் மொத்தமாய் விழுந்தது.

"வெண்டல்."

"என்ன, வெட்டிக்கிட்டியா?"

"நான் நின்னுக்கிட்டிருக்கேன், பாரு."

ஒரு கையில் காப்பி. மறு கையால் பேட்டரி வயரைக் கழற்றினாள், மாட்டினாள். வேலை எதுவும் இல்லாமலே மறுபடி கழற்றி மாட்டினாள். அதன்பின் அவளைப் பிடிக்க முடியவில்லை. வெட்டின இடம் பலம் இழக்காமல் ஓட்டையைச் சுற்றி உள்பக்கம் இன்னொரு தகட்டுச் சட்டம் அடித்தாள், ரப்பர் பட்டை ஒட்டினாள், கால்வாசித் திருகலிலேயே கழலும் ஸ்குரூக்களைப் போட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால், "கதவுக்குப் பசிக்கல" என்றாள்.

சனிக்கிழமை காலை ரேடியோ மேல் பழுப்புக் காகிதத்தை விரித்து, கதவை மூடி, விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்தாள். வெளியே வெண்டல் தோட்டத்துக்கு நீர் விடும் ரப்பர் குழாயை அதன்மேல் திருப்பினான். முன்கண்ணாடி முழுக்க வெள்ளம்.

முழங்காலில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

போச்சு, விமானம் போச்சு. அவள் இறங்கினாள், கதவைக் கழற்றினாள். உள்ளே காகிதம் அப்பளம்போல மொறுமொறுவென்று கிடந்தது. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? திரும்பிப் பார்த்தால், பக்கவாட்டில் காற்று வருவதற்கு வைத்த துளைக்கு நேராகக் குழாயைப் பிடித்தபடி வெண்டல் தொப்பை குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கிழட்டுக் கழுதை."

"துளை ஒழுகுதான்னு பார்த்தேன். ஒழுகுது."

அவள் குழாயைப் பிடுங்கி அவன்மேல் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் லோவெல் என்கிற அந்த ஐயோவாக்காரன் காரில் வந்து இறங்கினான். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். நனைந்த இருவரையும் விட்டுவிட்டு நேராகத் திறந்திருந்த கதவுக்குப் போய்க் குனிந்தான். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"எங்க ஷெட்டுல இதே மாதிரி விமானம் ஒண்ணு பாதியில கிடக்குது" என்றான். "உள்ள தலைகீழாப் போய் வயர் இழுத்தே வெறுத்துட்டேன். அதான் கட்டி முடிச்சதா ஒண்ணு வாங்கலாம்னு வந்தேன். இதை எனக்கே கொடுத்துடுங்க."

ஆர்லிஸ் வாயைத் திறப்பதற்குள் வெண்டல் முந்திக்கொண்டான்.

"விமானம் இப்ப விக்கிறதுக்கில்ல. காப்பி இருக்கு."

"விளம்பரம் போட்டிருந்தீங்களே?"

"அது அன்னைக்கு. இன்னைக்கு அவ நிக்கிறா பாருங்க."

ஆர்லிஸ் ஓட்ஸ் அட்டை அச்சைக் கொண்டுவந்து லோவெலிடம் நீட்டினாள். "மேல்தகடு அடிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. தற்காலிகமா மாட்டித்தான் வெச்சிருக்கேன்."

"அப்ப அதிர்ஷ்டக்காரர்தான். முதல்ல இதை வெட்டுங்க, அப்புறம் அடிங்க."

அவன் அட்டையைக் காரின் முன்சீட்டில் வைத்து, அதற்குப் பெல்ட் மாட்டிக் கொண்டுபோனான்.

கார் போன பிறகும் ஆர்லிஸ் கதவருகே நின்று உள்ளே எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். போதும் என்று நகர்ந்தவளுக்குக் கால் வரவில்லை. ஷூ நாடா இரண்டும் ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டிருந்தன. திட்டுவதற்குத் திரும்பினால், அவள் தடுக்கி விழுந்தால் தாங்குவதற்கு இரண்டு கையையும் விரித்து வெண்டல் பின்னாலேயே நின்றிருந்தான்.