போர்வைக்கடியில் ஒரு கை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கோயமுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன், சாவைப் பக்கத்தில் நின்றே பார்த்தவள். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

பட்டப்பகல். கோபிசெட்டிபாளையத்தில் வாழைத் தோட்டம் வைத்திருக்கும் பழனியம்மாளுக்குக் குடலில் கட்டி, பெரிய ஆபரேஷன். மேசையில் படுத்ததுமே, "ஏனுங்க அம்மணி, இந்தக் குளுரு குளுருதுங்களே" என்றார்.

"மயக்கம் குடுத்தா உடம்புச் சூடு இன்னும் எறங்குமுங்க. அதுக்குத்தான் இது" என்று, சூடான காற்றை ஊதி நிரப்பும் போர்வையை இடுப்புக்குக் கீழே போர்த்திவிட்டேன். கைகள் இரண்டையும் பக்கவாட்டுப் பலகைகளில் நீட்டிக் கட்டியாயிற்று.

வயிற்றைத் திறந்து வேலை பாதியில் இருக்கும்போது போர்வைக்குச் சூடான காற்றை ஊதும் இயந்திரம் நின்றுபோனது. உடம்புச் சூடு மளமளவென்று இறங்குகிறது, உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது, ரத்தக் கசிவும் நிற்கவில்லை. மயக்க டாக்டர், "ஏசிய நிறுத்துங்க, சலைனச் சூடு பண்ணிக் கொண்டாங்க" என்று கத்தினார். உதவியாள் ஒருவர் ஓடினார். சலைன் வந்து சேரும் முன்பே, மானிட்டர் திரையில் உடம்புச் சூடு ஏறத் தொடங்கியது.

கால் எப்படி இருக்கிறதென்று போர்வைக்கடியில் கையை விட்டுப் பார்த்தேன். பாதம் கதகதவென்று இருந்தது. நம்பினால் நம்புங்கள், அதே இடத்தில் பனிக்கட்டி மாதிரி ஒரு கை என் விரல்களைப் பிடித்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். போர்வையைத் தூக்கினால் கால்கள் மட்டுமே.

ரத்தம் நின்றது, ஆபரேஷன் முடிந்தது. மயக்கம் தெளியும் அறையில் அவர் கண் திறக்கும்போது அவருடன் நான் ஒருத்திதான்.

"எங்கால கட்டிப்புடிச்சுப் படுத்திருந்தாங்களே, அந்தம்மாளுக்கு ஒரு போர்வ குடுங்க அம்மணி. சூட்டையெல்லாம் எனக்குக் குடுத்துப்போட்டு நடுங்கறாங்க பாருங்க" என்றவர், என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

மயக்கத்தில் எத்தனையோ பேர் உளறுவார்கள். ஆனாலும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கம்பளியை எடுத்துப் பின்பக்கமாக நீட்டினேன்.

கையில் கனம் குறைந்தது. கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை.

பழனியம்மாள் நன்றாக இருக்கிறார். அந்தக் கம்பளி மட்டும் இன்றுவரை அகப்படவில்லை.