வாத்தியாரம்மா என்று கூப்பிட்டவள்

போன வாரம் கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடி புளோக் லிப்டில் இரண்டு பிள்ளைகள் பேசிக்கொண்டு வந்தார்கள். "இன்னிக்கு சேர் ரொம்ப கோவமா இருந்தாங்க லா." டீச்சர் தேய்ந்து 'சேர்' ஆகிவிட்டார்! தேய்வது புதிதா என்ன? உபாத்தியாயர் தேய்ந்துதானே வாத்தியார் ஆனார். யாரிடம் நெருங்கிப் போய்ப் படிக்கிறோமோ அவர் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்வார்கள். பயிற்சி வகுப்பில் இதை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான். புரியத்தான் கொஞ்ச நாள் ஆயிற்று.

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சமூக நிலையத்தில் பெண்களுக்கு மாலை வகுப்பு எடுத்தேன். எனக்கு இருபது வயது; மாணவிகளுக்கு என் அம்மா வயது. எல்லாரும் டீச்சர் என்றார்கள். பொன்னாத்தாள் மட்டும் 'வாத்தியாரம்மா' என்பாள். எனக்குப் பிடிக்காது. குதிகால் செருப்பும் கைக்கடிகாரமுமாக வருகிறவளை இப்படியா கூப்பிடுவது!

போத்தோங் பாசிரில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள் அவள். கூடவே லேசாகச் சாணி வாசமும் வகுப்புக்கு வரும். இன்றைக்கும் அந்த வாசம் எங்காவது வந்தால் எனக்குக் கரும்பலகைதான் நினைவுக்கு வருகிறது. குவீன்ஸ்டவுனில் அரசாங்க வீடு கேட்டு அவளும் வீட்டுக்காரரும் எழுதிப் போட்டிருந்தார்கள். சாவி வாங்கும்போது கைநாட்டு வைக்க மாட்டேன், 'மு. பொன்னாத்தாள்' என்று கையெழுத்துதான் போடுவேன் என்பது அவள் பிடிவாதம்.

ம, மா, மி, மீ என்று கணீரென்று சொல்வாள். 'மு' வந்ததும் வாயைப் பூட்டிக்கொள்வாள். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு எழுத்துகூட வாயில வரலைன்னா எதுக்கு இங்க வர்றீங்க?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, குதிகால் செருப்பு சேற்றில் புதையப் புதைய அவள் கொட்டகைக்குப் போனேன். கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எழுத்து தெரியும் வாத்தியாரம்மா. அவுக பேரு அதுலதான ஆரம்பிக்குது? அதை நான் எப்படி வாயால சொல்லுவேன்?"

வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. "சொல்ல வேணாம். எழுதுவீங்களா?" என்றேன். குச்சியை எடுத்து மண்ணில் எழுதிக் காட்டினாள். என் 'மு'வைவிட அது அழகாக இருந்தது. நெருங்கிப் போக வேண்டியவள் நான்தான் என்று அந்தச் சேற்றில் நின்றுகொண்டுதான் தெரிந்துகொண்டேன்.

கையெழுத்துப் போட்டு வீடு வாங்கிய அன்று நேரே வகுப்புக்கு வந்து, சாவியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள்.

இரண்டு வருஷத்தில் அவள் வீட்டுக்காரர் தவறிப்போனார். துக்கம் கேட்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மு... முத்தையா" என்றாள். "சொல்லிட்டேன் வாத்தியாரம்மா. இனிமே கூப்பிட்டா யாரு திரும்பிப் பாக்கப் போறாக?"

கொட்டகைகள் போய்விட்டன. அந்தச் சமூக நிலையமும் இல்லை. பொன்னாத்தாளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். டீச்சர் என்று கூப்பிட இன்னும் சிலர் இருக்கிறார்கள். வாத்தியாரம்மா என்று கூப்பிடத்தான் ஆளில்லை.