கே ரோட்டில் தொங்கிய கூறைப்புடவை

தொண்ணூறுகளின் நடுவில் கடல் கடந்து வந்து மவுண்ட் ஆல்பர்ட்டில் குடியிருந்தோம். பிரசவத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால், அலமாரியில் என் கூறைப்புடவையைக் காணோம். வீட்டில் இருந்தது கணவரும் அவருடைய அக்காவும்தான். "நான் அதத் தொடவே இல்ல. ஊர்லயே விட்டுட்டு வந்திருப்பா" என்று நாத்தனார் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினார். தான் பார்த்த பெண்ணை வேண்டாம் என்றுவிட்டுத் தம்பி என்னைக் கட்டிக்கொண்ட ஆத்திரம் அவருக்கு. கணவர் அக்காவைத்தான் நம்பினார். தாலி ஏறிய புடவையைக்கூடக் காப்பாற்றத் துப்பில்லாதவள் என்று எனக்குப் பேர்.

மறுவருஷம் ஒரு சனிக்கிழமை கரங்காஹாபே சாலையில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். கே ரோடு என்பார்கள். பச்சைத் தலைமுடி, கையெல்லாம் பச்சை குத்தல், பெண் வேஷம் கட்டிய ஆண்கள், மாடிக்கு மாடி ஓவியக்காரர்கள். நம்மவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். எனக்கோ அந்தக் கூத்து ரொம்பப் பிடிக்கும்.

ஒரு காபிக் கடை ஜன்னலில் என் புடவை திரையாகத் தொங்கியது! உள்ளே ஓடி முனையைத் திருப்பினேன். முகூர்த்தத்தன்று அம்மா தடவிய மஞ்சள் அப்படியே இருந்தது.

யாரோ ஒரு இந்திய அம்மா வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்று தானே கொண்டுவந்து கொடுத்ததாக, மூக்கில் வளையம் போட்ட கடைக்காரப் பெண் சொன்னாள். அடிப்பாவி! நம்மவர் கண்ணில் படாது என்றுதான் இந்தத் தெருவைத் தேடிப் பிடித்திருக்கிறார். என் கல்யாணப் புடவை என்றதும், உடனே கழற்றித் தருகிறேன் என்றாள் அந்தப் பெண். "நாளைக்கு வரைக்கும் இருக்கட்டும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கணவரையும் நாத்தனாரையும் காபிக்குக் கூட்டிப்போனேன். கார் கே ரோட்டில் திரும்பியதுமே நாத்தனாருக்கு முகம் வெளுத்தது.

"எனக்குத் தலவலிக்குது, வீட்டுக்குப் போலாம்."

"காபி குடிச்சா சரியாயிடும் அண்ணி" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தத் திரைக்குக் கீழேயே உட்காரவைத்தேன்.

கடைக்காரப் பெண் ஓடிவந்து நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். "நீங்கள் கொடுத்த திரையைப் பார்த்து எல்லோரும் அசந்துபோகிறார்கள்" என்றாள். கணவர் நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அக்கா?"

நாத்தனார் கைப்பையைத் திறந்து எதையோ துழாவ ஆரம்பித்தார். எனக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"கழட்டி எடுத்துட்டுப் போலாம்மா" என்றார் கணவர்.

"வேணாங்க. தொங்கட்டும்."

அதற்குப் பிறகு ஊரிலிருந்து எந்தச் சொந்தக்காரர் வந்தாலும், சுற்றிக்காட்ட எரிமலையும் கடலும் அப்புறம்தான். முதலில் அந்தக் கடை. நாத்தனாரையும் விடாமல் கூட்டிப்போவேன்.

"இது உன் கல்யாணப் புடவையாச்சே, இங்க எப்படி வந்துது?" என்று கேட்பார்கள்.

"அண்ணியக் கேளுங்க" என்றுவிட்டு, நான் நிதானமாகக் காபி குடிப்பேன்.