கட்டிங் மாஸ்டர் வெட்டிய வானம்

நல்லூர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருந்த திருமூர்த்திக்கு எண்பத்தொன்பதாம் வருஷம் ஒரு கேமரா வாய்த்தது. கூடவே தலைக்கனமும் வாய்த்தது. ஞாயிறு விடிந்தால் மொபெட்டை எடுத்துக்கொண்டு குண்டடம் பக்கத்துக் குளத்துக்குக் கிளம்பிவிடுவார். கொக்கு பறக்க வேண்டும், இவர் அதைப் படம் பிடிக்க வேண்டும். முதல் வருஷம் பூராவும் கொக்கு பறக்கத்தான் செய்தது. படத்தில் விழுந்தது வால் மட்டும்தான்.

"ஏனுங்க, பேசாம நம்மூட்டுக் கோழியைப் புடிங்க. அதாவது நிக்குமில்லீங்க?" என்றாள் மனைவி மயிலாத்தாள்.

மாஸ்டருக்கு ஒரு வியாதி. துணியில் விரற்கடை வேஸ்ட் விழுந்தாலும் உடம்பெல்லாம் எரியும். நல்ல குணந்தான், கட்டிங் மேஜையோடு நின்றிருந்தால்! அதே கண்ணால்தான் வானத்தையும் பார்த்தார். பறவையைச் சுற்றி வெறும் இடம் தெரிந்தால் போதும், பிரின்டைக் கத்தரியால் நறுக்கிவிடுவார். படம் கழுவித் தரும் ஸ்டுடியோக்காரர் கன்னையன் தலையிலடித்துக்கொள்வார்.

"மாஸ்டர், பறக்கறதுக்கு முன்னால கொஞ்சம் எடம் உடோணுமுங்க. இல்லீன்னா செவுத்துல முட்டற மாதிரி இருக்குமுங்க."

"வேஸ்ட் உடறதுக்கு எனக்குப் பாடமா? நீங்க போய்க் கல்யாண மாப்பிள்ளையை ஒழுங்கா எடுங்க" என்று எகிறுவார் மாஸ்டர்.

தொண்ணூற்று மூன்றில் முதலாளி ஆத்தப்பன் ஒரு வார்த்தை சொன்னார். "மாஸ்டர், காதர்பேட்டைக் கடைகளுக்குக் குடுக்கற நம்ம காலண்டருல இந்தத் தடவ உங்க படத்தையே போட்டரலாமுங்க. கீழ உங்க பேரும் வரும்."

அவ்வளவுதான். டீக்கடை, பஸ் ஸ்டாப், மாமனார் வீடு என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் பீற்றிக்கொண்டார். இத்தனை வருஷம் பனியன் வெட்டியும் எதிலும் தன் பேர் வந்ததில்லை என்ற ஏக்கம் அவருக்கு. அதில் தப்பொன்றும் இல்லை.

அந்த ஐப்பசியில் குளத்திலிருந்து ஒரு கூழைக்கடா எழும்பியது. மாஸ்டர் பதறிப்போய் அமுக்கியதில், ஒரு மூலையில் பறவையும் மற்றதெல்லாம் மழைக்கு இருட்டிய வானமுமாகப் படம் விழுந்தது. கழுவிப் பார்த்த கன்னையன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதுதானுங்க மாஸ்டர் படம். தயவுசெஞ்சு கை வெச்சராதீங்க."

கை வைக்காமல் இருப்பாரா மகாராசன்? முக்கால் பங்கு சும்மா கிடக்கிறதே என்று வயிறு எரிந்தது. கையிலிருந்த ஒரே பிரின்டை முதலில் நறுக்கினார். அதோடு விட்டாரா? துணியையே சரியாக வெட்டிவிட்டால் பிறகு ஒவ்வொரு பீஸாக வெட்ட வேண்டியதில்லை, அவருடைய தொழில் ஞானம் அது. பிரின்டுக்கெல்லாம் மூலமான நெகட்டிவையும் எடுத்துப் பறவையை ஒட்டி, நூல் பிசகாமல் வெட்டினார். மீதியைக் குப்பையோடு தள்ளினார்.

அந்தத் துண்டைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு வாங்கிக்கொண்டு போய் முதலாளி மேஜையில் வைத்தார். ஆத்தப்பன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பறவை நல்லாத்தானுங்க இருக்குது. கம்பெனி பேரை எங்கீங்க போடறது? றெக்கை மேலயா எழுதறது? மேல வெறும் எடம் இருக்கற மாதிரி ஒண்ணு குடுங்க."

"இல்லீங்க" என்றார் மாஸ்டர்.

முதலாளி கன்னையனையே குளத்துக்கு அனுப்பிவிட்டார். மார்கழியில் காலண்டர் வந்தது. பெரிய வானம், அதில் கம்பெனி பேர், கீழே ஓரமாக ஒரு நாரை. மயிலாத்தாள் அதைச் சுவரில் மாட்டிவிட்டு, அடியில் இருந்த பொடி எழுத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"ஏனுங்க, கன்னையன்னு போட்டிருக்குது?"

மாஸ்டர் குறை கண்டுபிடித்தே தீருவது என்று கிட்டப் போனார். எங்கே வெட்டலாம் என்று வானத்தை மேலிருந்து கீழாக விரலால் அளந்தார். ஒரு விரற்கடைகூட எடுக்க மனம் வரவில்லை. மயிலாத்தாள் சோறு போட்டு வைத்து மூன்று தரம் கூப்பிட்டும் சுவரை விட்டு நகராமல் நின்றார்.