என் குரலில் பேசிய அளவுக்கருவி

அளவுக்கருவி செய்யும் தொழிலில் ஒரு தனிச் சங்கடம் உண்டு: செய்து முடித்த கருவியை, அது இல்லாமலேயே சரியாக அளக்கத் தெரிந்தவர்களிடம் கொண்டுபோய்த்தான் நல்ல பெயர் கேட்க வேண்டும். என்னைப் போல் இத்தொழிலில் அகப்பட்டுக்கொண்டவர்கள் எங்கேனும் இருந்தால், இதைப் படித்துச் சற்றே ஆறுதல் அடையலாம்.

நான் சித்தூரில் முப்பத்தாறு ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிடுவதிலேயே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. என் மகள் எஸ்தர் பொறியாளர். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, திருப்பதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, கட்டட வேலை செய்பவர்களுக்காக ஒரு கைக்கருவியை வடிவமைக்கத் தொடங்கினாள். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பெட்டி, லேசர் கதிரால் தூரத்தை அளக்கும். ரசமட்டம் போல் மட்டம் பார்க்கும். தூக்குக்குண்டு போல் சுவரின் நிமிர்வைப் பார்க்கும். ஏணிமேல் நிற்பவர் திரையைக் குனிந்து பார்க்க முடியாது என்பதால், அளவை வாய்விட்டும் சொல்லும். தெலுங்குக்கு எஸ்தரின் குரல், தமிழுக்கு என் குரல். எண்களையெல்லாம் பதிய இரண்டு நாள் ஆயிற்று. 'சரி', 'தவறு' என்னும் இரண்டை மட்டும் ஒரே மூச்சில் பதிந்து கொடுத்தேன். எனக்கு அவற்றில் பயிற்சி மிகுதி.

மாதிரிகளை எஸ்தர் கையால் ஒவ்வொன்றாகச் செய்தாள். விற்பனைக்கு வரவேண்டுமானால் வெளிக்கூட்டுக்கு இரும்பில் அச்சு வெட்ட வேண்டும். அச்சு வெட்டிய பிறகு ஒரு பொத்தானைக்கூட நகர்த்த முடியாது. ஆகவே அவள் ஒரு முடிவு செய்திருந்தாள்: முனிரத்தினம் மேஸ்திரி சரி என்று சொன்னால்தான் அச்சு. சித்தூரிலும் திருப்பதியிலும் வீடு கட்டிக் கொடுப்பவர் அவர். அவர் கையில் எந்தக் கருவி இருக்கிறதோ, அதைத்தான் மற்ற கொத்தனார்கள் வாங்குவார்கள். அவர் வேண்டாம் என்றால், மூன்றாண்டு உழைப்பை மூட்டை கட்டிவிட்டு அவள் சென்னைக்கே திரும்ப வேண்டியதுதான். கட்டட வேலைக்காரர்கள் ஒரு டீச்சரம்மாவை வாசலில் நிறுத்திவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், மாதிரியைக் கொண்டுசென்று காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கை கழுவும் நேரம்

முதல் மாதிரிக்குப் பொத்தான்களே இல்லை. கைப்பேசியைப் போல் தொட்டால் இயங்கும் திரை. எங்கள் வீட்டுக் கூடத்தில் அது அழகாக வேலை செய்தது. மேஸ்திரி அப்போது சித்தூரில் ஒரு சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தார். கருவியை நீட்டினேன். சிமெண்டு அப்பிய விரலால் தொட்டார், அது அசையவில்லை. லுங்கியில் துடைத்துவிட்டுத் தொட்டார், அப்போதும் அசையவில்லை. ஈரக்கை என்றால் அந்தத் திரைக்கு ஏனோ ஒவ்வாமை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து மூக்கு நுனியால் ஒரு கட்டத்தைத் தொட்டார். கருவி உடனே விழித்துக்கொண்டு சுவரின் நிமிர்வைச் சொல்லத் தொடங்கியது. ஆறு சின்னஞ்சிறு கட்டங்களுள், வேண்டிய கட்டத்தை மூக்கால் முதல் முயற்சியிலேயே தொட்ட அந்தத் துல்லியத்தை நான் வியந்துகொண்டிருந்தபோது, கருவியை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பூச்சுக் கரணையை எடுத்துக்கொண்டார். "டீச்சரம்மா, நான் கை கழுவுறது சோறு துன்றதுக்குத்தான். இந்தப் பொட்டிக்கோசரம் எல்லாம் கழுவினு இருந்தா, செவுரு எப்போ எழும்பும்?"

எண்ணே இல்லாத அளவு

திரை போயிற்று, கட்டைவிரல் அகலத்துக்கு ரப்பர்ப் பொத்தான்கள் வந்தன. இரண்டாம் மாதிரியை எடுத்துக்கொண்டு, அதே வீட்டுக்கு ஜன்னல் செய்துகொண்டிருந்த சுப்பிரமணி ஆசாரியிடம் போனேன். அவர் ஜன்னல் சட்டத்தின் உள்ளகலத்தை எடுத்துக்கொண்டிருந்தார். கையில் டேப் இல்லை. ஒல்லியான இரண்டு குச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, ஒன்று இடப்பக்கமும் மற்றொன்று வலப்பக்கமும் முட்டும்வரை நகர்த்தி, அப்படியே இறுக்கிப் பிடித்து, இரண்டின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டார். அளவு எடுத்தாயிற்று. எத்தனை அடி என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரிந்துகொள்ளவும் அவருக்கு விருப்பம் இருந்ததாகத் தோன்றவில்லை.

என் கருவியை வைத்து அளந்தேன். "மூன்று அடி, இரண்டு அங்குலம், ஐந்து நூல்" என்று என் குரல் அறிவித்தது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் தச்சர்கள் நூல் என்பார்கள். மில்லிமீட்டரை எவரும் சீந்தாததால் எஸ்தர் அதைச் சேர்த்திருந்தாள். பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று ஆசாரி சிரித்தார். மறுநாள் ஜன்னல் கதவைக் கொண்டுவந்து பொருத்தினார். ஒரு தட்டு இல்லை, ஒரு செதுக்கல் இல்லை; சட்டத்துக்குள் அது தன் இடத்தைத் தானே அறிந்ததுபோல் போய் அமர்ந்தது. ஓர் எண்ணையும் உச்சரிக்காமல் ஒருவர் இவ்வளவு சரியாக இருக்க முடியும் என்பதை நான் அதற்குமுன் நினைத்துப் பார்த்ததில்லை. இதில் என்ன சேர்த்தால் உங்களுக்குப் பயன்படும் என்று, ஏறக்குறைய மாணவியைப் போலக் கேட்டேன். குச்சிகளைக் கீழே வைக்காமலேயே அவர் சொன்னார்: "அளந்தத நமக்குச் சொல்லணும்னு இல்ல டீச்சரம்மா. மறக்காம வச்சிக்கினு இருந்தா போதும்."

முதல் மாடிக்கு ஒரு வழி

ஆசாரி சொன்னபடியே எஸ்தர் ஒரு நினைவுப் பொத்தானை வைத்தாள். ஓரிடத்தில் அளந்துவிட்டு அதை அழுத்தினால், கருவி அந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்த இடத்தில் அளக்கும்போது, இரண்டும் ஒத்திருந்தால் "சரி" என்னும். ஒத்திராவிட்டால் எவ்வளவு வேறுபாடு என்று கூறி, "தவறு" என்று முடிக்கும்.

அந்த மூன்றாம் மாதிரி உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. மேஸ்திரி அதைக் கீழே நின்று சோதித்தார். மேல் சுவரையும் பார்க்கலாம் என்றார். நான் படி இருக்கும் பக்கம் திரும்புவதற்குள், கருவியை மேலே எறிந்துவிட்டார். சாரத்தில் நின்ற கொத்தனார், வலக்கையில் கரணையோடு, முகத்தைக்கூடத் திருப்பாமல் இடக்கையால் அதைப் பிடித்து, சுவரில் வைத்தார். "நிமிர்வு சரி" என்று என் குரல் மேலிருந்து வந்தது. கீழே நின்ற எனக்கோ குரலே வரவில்லை.

அங்கே செங்கல்லும் போகும் வழி அதுதான், ரசமட்டமும் போகும் வழி அதுதான் என்று பிறகு விளங்கிற்று. அன்று முழுவதும் கீழிருந்து மேலே போன பொருள்கள் எத்தனையோ, ஒன்றுகூடக் கைதவறவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து மேஸ்திரி சமாதானம் சொன்னார்: "கீழ உழுந்தா அது பொட்டி தப்பு இல்லம்மா, புடிக்கிறவன் தப்பு. எங்க ஆளுங்க அந்தத் தப்பு பண்ணமாட்டாங்க."

தண்ணீர் போன பக்கம்

பிடிக்கும் கைக்கு உறுத்தாதபடி கருவியின் விளிம்புகள் உருண்டன. அடுத்த சோதனை திருப்பதியில், மேஸ்திரி கட்டிக்கொண்டிருந்த ஒரு வங்கி ஊழியரின் வீட்டில். குளியலறையில் தரை போட்டு முடித்திருந்தார்கள். கருவியைத் தரையில் வைத்தேன். "தவறு" என்றது. ஓரடி தள்ளி வைத்தேன். "தவறு." மூலைக்கு மூலை வைத்தேன், மூலைக்கு மூலை "தவறு." தரையில் மட்டமான இடம் என்று ஒன்றுகூட இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளூர ஒரு நிறைவு. இத்தனை நாளும் இவர்களைக் கண்டு மலைத்தாயிற்று. கடைசியில் வட்டமிட ஒன்று கிடைத்ததே என்று.

மேஸ்திரி வெளியே போனார். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வாசற்படியருகே சாய்த்தார். தண்ணீர் தரை முழுவதும் விரிந்தது; பிறகு, எவரோ அழைத்ததுபோல் நான்கு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் நகர்ந்து, மூலையிலிருந்த துவாரத்துக்குள் இறங்கியது. தரையில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை. கண்ணுக்கே தெரியாத அந்தச் சரிவுக்கு வாட்டம் என்று பெயர். அதை அவர் கரணையாலும் கையாலும் மட்டுமே கொண்டுவந்திருந்தார். காலி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் சொன்னார்: "இது சரின்னு சொல்ற மாதிரி தரை போட்டேன்னு வச்சிக்கோங்க, குளிச்ச தண்ணி உங்க ரூமுக்குள்ள வந்து படுத்துக்கும்."

கிழக்குச் சுவர்

வாட்டத்துக்கு ஒரு தனிப் பொத்தான் வந்தது. தரையைப் பொறுத்தவரை "தவறு" என்னும் சொல்லையே எடுத்துவிட்டாள் எஸ்தர். சுவர்களுக்கு அது இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அச்சு வெட்டுபவர் அந்த மாதக் கடைசிவரைதான் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். மேஸ்திரி இறுதி முடிவைச் சொல்வதற்காக எங்களை அதே திருப்பதி வீட்டுக்கு வரச் சொன்னார். நாங்கள் போன வேளையில், புது வீட்டைப் பார்ப்பதற்காக வீட்டுக்காரரின் உறவினர்கள் காளஹஸ்தியிலிருந்து வந்திருந்தார்கள். பூச்சு முடிந்த காலிக் கூடத்தில் அனைவரும் நின்றுகொண்டிருந்தோம்.

எஸ்தர் கருவியை என்னிடம் கொடுத்தாள். மேற்குச் சுவரோரம் நின்று கூடத்தின் நீளத்தை அளந்து, நினைவுப் பொத்தானை அழுத்தினேன். எதிர்ப்புறம் சென்று கிழக்குச் சுவரோரம் அளந்தேன். காலிக் கூடத்தில் என் குரல் முழங்கியது: "ஓர் அங்குலம் கூடுதல். தவறு."

உறவினர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். எஸ்தர் என் முழங்கையைப் பற்றினாள். கருவி பழுதாக இருந்தால் அச்சு இல்லை; சுவர் பழுதாக இருந்தால், மேஸ்திரியை அவருடைய வீட்டுக்காரர் எதிரிலேயே அவமானப்படுத்தியாயிற்று, அப்போதும் அச்சு இல்லை. "விட்டுடு அம்மா" என்று அவள் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால், கண்ட பிழையை விட்டுவிட்டு நகர்ந்த வழக்கம் எனக்கு இல்லை. டேப் ஒன்றை வாங்கி இரண்டு பக்கமும் அளந்தேன். கருவி சொன்னது சரியே. வகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து, "மேஸ்திரி, இங்கே ஓர் அங்குலம் பிசகியிருக்கிறது" என்றேன்.

முதலில் சிரித்தவர் வீட்டுக்காரர். பிறகு உறவினர்கள் அனைவரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் மேஸ்திரி மட்டுமே. அவர் எங்கள் இருவரையும் இரக்கத்தோடு பார்த்தார். நாங்கள் வாழ்வது திருச்சபை வளாகத்தில், பாதிரிமார்கள் கட்டிய வீட்டில். அந்த வீட்டுக்கு மூலை நான்கு உண்டே தவிர, மூலைகளுக்குத் தனித்தனிப் பெயர் கிடையாது. இங்கோ வடகிழக்கு மூலை ஈசானியம். அது வளர வேண்டும் என்பது இப்பகுதியில் வீடு கட்டுபவர்களின் நம்பிக்கை. ஆகவே கிழக்கிலும் வடக்கிலும் ஓர் அங்குலத்தை வேண்டுமென்றே கூட்டிக் கட்டுகிறார்கள். எங்கள் இருவரைத் தவிர, அந்தக் கூடத்தில் இருந்த அனைவருக்கும் இது தெரிந்திருந்தது.

மேஸ்திரி கருவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அடுத்த அறைக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். மேற்கே ஓர் அழுத்தம், கிழக்கே ஓர் அழுத்தம். "ஓர் அங்குலம் கூடுதல். தவறு." அதற்கடுத்த அறை. "ஓர் அங்குலம் கூடுதல். தவறு." எந்த அறையிலும் ஒரு நூல் ஏறவில்லை, ஒரு நூல் இறங்கவில்லை. கயிற்றையும் கண்ணையும் கொண்டு கட்டிய சுவர்கள் அவை. முப்பத்தாறு ஆண்டுகளில், ஒரு தவறை இத்தனை பிழையின்றிச் செய்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

கடைசி அறையில் அவர் நின்றுவிட்டார். இப்போது மலைத்து நின்றவர் அவர். பெட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், லுங்கியில் துடைத்தார். பிறகு அதை என்னிடம் தராமல் எஸ்தரின் கையில் வைத்தார். "இந்த ஒரு இஞ்சு நான் சொன்னாத்தான் வெளிய தெரியும்னு இருந்தேன்மா, இது கண்டுபுடிச்சிடுச்சே. அச்சு போடச் சொல்லு. ஆனா நாலு பேர் நிக்கிற எடத்துல டீச்சரம்மா வாயத் தொறக்கக் கூடாது, அதுக்கு மட்டும் ஒரு வழி பண்ணிடு."

அச்சு வெட்டியாயிற்று, முப்பத்தாறு ஆண்டுகள் எந்தத் தலைமையாசிரியராலும் நிறுத்த முடியாத என் குரலை நிறுத்துவதற்கென்றே, இப்போது அந்தக் கருவியின் இடப்பக்கத்தில், சிமெண்டுக் கையாலும் எளிதில் அழுத்தக்கூடிய ஒரு பொத்தான் இருக்கிறது.