மடிப்புக்கு ஓர் அங்குலம்

என் வலது தோளைத் தூக்க முடியாமல் போய் இரண்டு வருடமாகிறது. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பட்டறையில் கோழிப் பண்ணைகளுக்குத் தீவன டிரம் செய்கிறேன். தகட்டை வெட்டி, வளைத்து, சுத்தியலால் தட்டி மூட வேண்டும். நாளெல்லாம் தட்டிவிட்டு பஸ் ஏறினால், மேல்கம்பியைப் பிடிக்கக் கை எழும்பாது.

என் மனைவி ஒரு கல்லூரி விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். அங்கே கேட் காவலுக்கு ஆள் தேவை என்று கேட்டு வந்து சொன்னாள். உட்கார்ந்து செய்யும் வேலை. ஆனால் எட்டாவது தேறிய சான்றிதழ் வேண்டுமாம். நான் ஐந்தாவதோடு நின்றவன். தற்காலிகமாக வேறு ஆளைப் போட்டிருக்கிறோம், சான்றிதழ் வந்தால் பார்க்கலாம் என்று வார்டனம்மா சொன்னாராம்.

தனித்தேர்வராக எழுத விண்ணப்பம் போட்டோம். பத்தாவது வரை படித்த அவளே எனக்குப் பாடம் சொன்னாள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், ஒரு பக்கம் சோறு வெந்துகொண்டிருக்க, கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். மற்ற கணக்கெல்லாம் படித்த அன்றே மறந்துவிடும். வட்டம் வந்தபோதுதான் கொஞ்சம் தெம்பு வந்தது. விட்டத்தை மூன்று மடங்காக்கி, அதோடு விட்டத்தில் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் சுற்றளவு. பட்டறையிலும் அப்படித்தான். புத்தகம் அதை இருபத்திரண்டின் கீழ் ஏழு என்கிறது.

பரப்பளவில்தான் தகராறு. விட்டம் பதினான்கு என்றால் நான் நூற்றுத் தொண்ணூற்றாறு என்று எழுதுவேன். டிரம்முக்கு அடித்தட்டு வெட்ட, பதினான்குக்குப் பதினான்கு சதுரத் துண்டைத்தான் எடுப்போம்.

"ஏனுங்க, இது சதுரத்தோட கணக்குங்க. நாலு மூலையும் எங்கீங்க?"

"வெட்டிப்போட்டாச்சு."

"வெட்டிப்போட்டதை எதுக்குங்க எண்ணறீங்க?"

"அதுவும் தகடுதானே அம்மணி? சும்மாவா வருது?"

"பேப்பர் திருத்தறவங்க உங்ககிட்ட டிரம்மா கேட்டாங்க?"

விட்டத்தில் பாதியான ஏழை ஏழால் பெருக்கி, இருபத்திரண்டால் பெருக்கி, ஏழால் வகுத்தால் நூற்று ஐம்பத்து நான்கு. மூலைகளை விட்டுவிடப் பழகுவதற்குச் சில வாரங்கள் பிடித்தன.

தேர்வு கோவையில் ஒரு பள்ளியில் நடந்தது. வாசலில் நின்ற ஆசிரியை என்னைப் பார்த்து, "அப்பா அம்மாவெல்லாம் வெளிய நில்லுங்க" என்றார். ஹால் டிக்கெட்டை நீட்டினேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு வழிவிட்டார். முழங்கால் இடிக்கும் சின்ன பெஞ்சு.

பதினான்கு சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு காண்க என்று கேட்டிருந்தார்கள். நாற்பத்து நான்கு என்று எழுதினேன். கை அங்கே நிற்கவில்லை. கூட ஒன்றைச் சேர்த்து, நாற்பத்தைந்து என்று விடை எழுதி அடிக்கோடும் போட்டேன். தகட்டின் இரண்டு ஓரத்தையும் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றை மாட்டித் தட்டினால்தான் டிரம் பிடிமானமாக நிற்கும். அந்த மடிப்புக்கு ஓர் அங்குலம். முப்பது வருடமாக அதைச் சேர்க்காமல் நான் எந்தச் சுற்றளவையும் முடித்ததில்லை. சுற்றளவு கேட்ட மூன்று கேள்விகளிலும் அப்படியே செய்திருந்தேன். திரும்பும்போது பஸ் உக்கடம் தாண்டுகையில்தான் அது உறைத்தது. இறங்கி ஓடிப்போய் என்ன செய்ய?

மற்ற பாடத்திலெல்லாம் தேறிவிட்டேன். கணக்கில் முப்பத்து மூன்று. தேற இன்னும் இரண்டு மதிப்பெண் வேண்டும். நடந்ததை அவளிடம் சொன்னேன்.

"அடுத்த தடவை அந்த மடிப்பை ஊட்டுலயே வெச்சுப்போட்டுப் போங்க" என்றாள்.

கணக்கை மட்டும் திரும்ப எழுத வேண்டும். மூன்று மாதமாக அதைத்தான் பழகுகிறேன். நாற்பத்து நான்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். வைத்து வைத்துப் பழகிவிட்டது.

போன வாரம் பட்டறையில் பதினான்கு அங்குல டிரம் ஆறு செய்யச் சொன்னார்கள். காலையிலேயே தோளில் குத்தல். ஆறு தகட்டையும் முதலில் வெட்டி வைத்துவிட்டு, ஒன்றை எடுத்து வளைத்தேன். இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன, மடிக்க இடமில்லை. அளந்து பார்த்தேன். சரியாக நாற்பத்து நான்கு. மற்ற ஐந்தும் அப்படியே.

முதலாளி என்னைவிட இளையவர். வந்து பார்த்தார்.

"என்னங்ணா, ஆறையும் இப்படி வெட்டிப்போட்டீங்க? பரீச்சை பாஸாயிட்டீங்களாட்ட இருக்குது?"

மற்றவர்கள் சிரித்தார்கள். வெல்டிங்காரர், "எட்டாவது படிச்சவரு, இனி மடிக்கவெல்லாம் மாட்டாருங்க" என்றார். அந்தத் தகடுகளைச் சின்ன டிரம்முக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, புதிதாக ஆறு வெட்டினேன்.

வீட்டில் சொன்னதும் அவள், "அப்ப இந்தத் தடவை பாஸ்தானுங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் தேர்வு. அதுவரை பட்டறையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும், வீட்டில் விட வேண்டும். வலி அதிகமான நாட்களில் எதை எங்கே செய்வது என்று குழம்புகிறது. என் மேசைக்கு எதிரே பட்டறைச் சுவரில் 'கூட ஒன்று' என்று சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். தேர்வு அறைச் சுவரில் எழுத விடமாட்டார்கள்.