நல்ல தண்ணீரில் வளர்ந்த ஜுரம்

எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவின் மேல்தளத்தில், கைப்பிடிச் சுவர் அடியில், கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அரை அங்குலக் குழாய். உள்பக்க வாயில் துணிச்சுருள் ஒன்று அடைத்திருக்கும். மழைநீர் இறங்க இரண்டடி தள்ளிப் பெரிய குழாய் இருப்பதால் இது எதற்கு என்று யாருக்கும் விளங்காது. வெள்ளையடிக்க வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும், அறுத்துவிடட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்வேன். அதற்குமேல் அவர்களிடம் விளக்கியதில்லை.

எண்பதுகளின் கடைசியில் சேலையூர் ஏரிக்கு அந்தப் பக்கம் இந்த வீட்டைக் கட்டத் தொடங்கினேன். கேம்ப் ரோடு அருகே வாடகைக்குக் குடியிருந்தேன். காலையில் சைக்கிளில் வந்து வேலையைப் பார்த்துவிட்டுத் தாம்பரத்தில் ரயில் பிடித்துப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போவேன். வேலையை எடுத்திருந்த மேஸ்திரி திண்டிவனம் பக்கத்துக்காரர். பத்து ஆட்கள். எல்லோரும் மனையின் ஓரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். மேஸ்திரியின் மனைவியும் சித்தாளாக வேலை செய்தார். கூரை போட்ட சமயத்தில் அவர் நாலு மாதக் கர்ப்பம். அதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. அதனால் அவரை மணல் சலிப்பதற்கு மேல் எதையும் செய்ய மேஸ்திரி விடமாட்டார். செங்கல்லை அவர் தொட்டாலே, சாரத்தின் மேலிருந்து அதட்டல் வரும்.

மேஸ்திரி ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். கூரைக்குக் காங்கிரீட் போட்டதும் அதன்மேல் சிமெண்டுக் கலவையால் பாத்தி பாத்தியாக வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தவேண்டும். தண்ணீர் வற்றினால் காங்கிரீட் வெடிக்கும். பொழிச்சலூரில் அவர் கட்டிய ஒரு வீட்டில் காவலுக்கு இருந்தவர் ஒரு வாரம் தண்ணீர் விடாமல் தூங்கிவிட்டார். கூரை ஒழுகியது. வீட்டுக்காரர் தெருவில் நிறுத்திப் பேசினார். அதன்பின் பொழிச்சலூர்ப் பக்கம் அவருக்கு ஒரு வேலைகூடக் கிடைக்கவில்லை. “இருவத்தொரு நாள் கம்மியில்லாம தண்ணி நிக்கணும் சார். அதுக்கு மேல நின்னா இன்னும் கெட்டி. உங்க வூடு கல்லு மாதிரி இருக்கும்” என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது. காலையில் ரயிலுக்கு முன் கிணற்றிலிருந்து இறைத்து, போர்ட்டிகோவின் பாத்திகளை நானே நிரப்புவேன். என் வீட்டுக்கு என் கையால் ஏதோ செய்கிறேன் என்ற நிறைவு.

காங்கிரீட் போட்டு மூன்றாவது வாரத்தில் ஆட்களுக்கு ஜுரம் வரத் தொடங்கியது. முதலில் ஒருவர், பிறகு மூவர், பிறகு பாதிப் பேர். காலை பதினொரு மணிவாக்கில் குளிர் நடுக்கும், மதியம் உடம்பு கொதிக்கும், சாயங்காலம் வியர்த்து ஓயும். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து வேலைக்கு வருவார்கள். அதற்கடுத்த நாள் மறுபடி நடுக்கம். மேஸ்திரி இதைப் பழகிக்கொண்ட விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. யாருக்கு எந்த நாள் ஜுரம் என்று மனதில் வைத்து, அதற்கேற்ப வேலையைப் பிரித்தார். “இன்னிக்கு இவனுக்கு ஜொர நாளு சார். நாளிக்கு வருவான். நாளிக்கு அவனுக்கு ஜொர நாளு” என்று விரல்விட்டுச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை போல, அவர்களுக்கு ஜுர நாள்.

அதே சமயத்தில்தான் செய்தி நிறுவனத்திடமிருந்து ஓர் அறிக்கை வந்தது. மலேரியாவால் நாட்டுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் பொருளாதார இழப்பைப் பற்றியது. எண்களில் சுழிகள் ஏராளம். செய்தி ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “நீதான் தாம்பரத்துலேருந்து வர்றியே, உள்ளூர் விவரம் சேர்த்து எழுது” என்றார். எழுதினேன். இழந்த உழைப்பு நாட்கள், மருந்துச் செலவு, உற்பத்தி என்று எல்லாம் அதில் இருந்தன. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த சாக்கடையைப் படம் எடுக்கச் சொல்லி, அதையும் போட்டோம். நகராட்சி விழிக்குமா என்று முடித்திருந்தேன். என் வீட்டு வேலை நின்றுகிடப்பதை அந்தக் கட்டுரையோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஆள் இல்லாததால் கூரையின் அடியில் சென்ட்ரிங் பலகையையும் சவுக்கு முட்டுகளையும் பிரிக்கவில்லை. அவற்றுக்கு நாள்வாடகை ஓடியது. நான் இன்னும் ஒரு மாதம் கூடுதலாக வீட்டு வாடகை கொடுத்தேன். ஆட்கள் ஜுர நாளில் கூலியில்லாமல் படுத்தார்கள். கையில் இருந்ததை ஊசிக்கும் குளுக்கோஸுக்கும் கொடுத்தார்கள். வேலை நின்றதால் கூரைத் தண்ணீரும் இறங்காமல் நின்றது. இருபத்தொரு நாள் நாற்பது நாளாயிற்று. நான் மட்டும் தவறாமல் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

கட்டுரை வெளிவந்த வாரம், வீடு வீடாக ரத்தம் எடுக்கும் மலேரியா ஊழியர் எங்கள் மனைக்கு வந்தார். பல்லாவரத்துக்காரர், முப்பது வயதுகூட இராது. சேலையூரில் எல்லோரும் அவரை மலேரியா பாய் என்பார்கள். சைக்கிள் கைப்பிடியில் ஒரு பை. அதில் அட்டைப் பெட்டி நிறையக் கண்ணாடித் துண்டுகள், பஞ்சு, ஊசி, மாத்திரை, ஒரு வெள்ளை எனாமல் கரண்டி. ஆட்களை வரிசையாக உட்காரவைத்து, இடதுகை மோதிர விரலில் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டே பேசினார்.

“பேப்பர்ல எழுதினது நீங்கதானே சார்? நல்லா இருந்துச்சு. போட்டோதான் தப்பு.”

“ஏன்?”

“சாக்கடையில இந்தக் கொசு வராது. அது ரொம்ப சுத்தக்காரி. அதுக்கு நல்ல தண்ணிதான் வேணும்.” சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

ஏணியில் ஏறினோம். கரண்டியால் பாத்தித் தண்ணீரை மெல்ல மொண்டு என்னிடம் நீட்டினார். வெள்ளைப் பின்னணியில் நூல் துண்டுகள் போலப் புழுக்கள், தண்ணீரின் மேற்பரப்போடு ஒட்டி நீளமாகப் படுத்திருந்தன. “தலைகீழாத் தொங்குச்சுன்னா வேற கொசு. இப்படிப் படுத்துக்கினு இருந்தா, இதான்” என்றார். இரண்டு வாரமாக அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றினேன். தவளைக் குஞ்சு போல ஏதோ என்று நினைத்திருந்தேன். செய்தி சேகரிப்பதற்காக வெகுதூரம் சைக்கிள் மிதித்தவன், என் தலைக்கு மேலே ஏறிப் பார்க்கவில்லை.

தண்ணீரை இறக்கவேண்டும் என்று பாய் சொன்னதும் மேஸ்திரிக்குக் கோபம் வந்தது. “நாளிக்கு சிலாப்பு வெடிச்சா பாய் வந்து பதில் சொல்லுவாரா? ஊசி குத்துறது உங்க வேல. அத்த பாருங்க” என்றார். பாய் ஏணியில் இறங்கிக் கொட்டகைப் பக்கம் போனார். கீழே கொட்டகையில் மேஸ்திரியின் மனைவி படுத்திருந்தார். அன்றுதான் அவருக்கு முதல் நடுக்கம். வெளியே சித்திரை வெயில் கொளுத்த, காலி சிமெண்டுச் சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தியும் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. பாய் அவர் விரலிலும் ரத்தம் எடுத்தார். எத்தனை மாதம் என்று கேட்டார். முன்பு இரண்டு போனதை மேஸ்திரி சொன்னார்.

“அப்பவும் தங்கச்சிக்கு ஜுரம் இருந்துச்சா?” என்றார் பாய்.

மேஸ்திரி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “இருந்துச்சு. ரெண்டு தபாவும். வெயிலுன்னு நெனச்சோம்” என்றார்.

பிறகு அவர் ஏணியில் ஏறினார். கடப்பாரையின் முனையால் ஒவ்வொரு வரப்பாக உடைத்தார். நாற்பது நாள் காத்த தண்ணீர், போர்ட்டிகோவின் விளிம்பிலிருந்து மணல் மேட்டில் கொட்டியது. பாய்தான் கீழிருந்து கத்தினார்: “முழுசா வேணாம் மேஸ்திரி. வாரத்துக்கு ஒரு தபா வடிச்சி, கூட்டிவுட்டு, மறுபடி கட்டிக்குங்க. புழு ஒரு வாரத்துக்குள்ள பறக்காது. சிலாப்புக்கும் ஒண்ணும் ஆவாது.” மேஸ்திரி கடப்பாரையோடு நின்று யோசித்தார். “அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்றார்.

பாய் மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தார். கசப்பு மாத்திரை மூன்று நாள். ஜுரம் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் இன்னொரு மாத்திரை உண்டு. அதை மட்டும் குழந்தை பிறக்கும்வரை மனைவிக்குக் கொடுக்கக்கூடாது என்று மேஸ்திரியிடம் இரண்டு முறையும் என்னிடம் ஒரு முறையும் சொன்னார். போகும்போது, பாட்டிலில் கொண்டுவந்திருந்த, புழுவைத் தின்னும் சிறு மீன்களைக் கிணற்றில் விட்டார். அன்று மாலையே மேஸ்திரி, உடைத்த வரப்புகளைத் திரும்பக் கட்டினார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழாய்த் துண்டு வைத்துத் துணியால் அடைத்தார். சனிக்கிழமை கூலி போட்டதும் துணியைப் பிடுங்கவேண்டும் என்று விதி செய்தார்.

மாத்திரை தொடங்கி மூன்றாம் நாள் அவர் மனைவியின் அடுத்த ஜுர நாள். காலை எட்டு மணிக்கு வந்த நான், ரயிலுக்குக் கிளம்பவில்லை. அவர் எழுந்து டீ போட்டார். மணல் சலிக்க உட்கார்ந்தார். ஆட்கள் வேலை செய்வது போலப் பாவனை செய்தார்கள். வாட்ச் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

“மணி இன்னா சார்?” என்றார் மேஸ்திரி.

“பத்தே முக்கால்.”

சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டார். பதினொன்று. மறுபடி கேட்டார். பதினொன்றே கால். சல்லடையை அவர் மனைவி டொக்கென்று கீழே வைத்தார். “இன்னாத்துக்கு எல்லாம் என் மூஞ்சியே பாத்துகினு கீறீங்க? நான் இன்னா சினிமாவா? போய் செவுத்தப் பூசுங்க” என்றார். யாரோ சிரித்தார். பன்னிரண்டு ஆயிற்று. நடுக்கம் வரவில்லை. மேஸ்திரி சாரத்தில் ஏறி முதுகைத் திருப்பிக்கொண்டு பூச ஆரம்பித்தார். அன்று அவர் பூசிய இடம் கொஞ்சம் மேடுபள்ளம். இப்போதும் ஹாலில் சாய்வெயில் படும்போது அது தெரியும்.

அலுவலகத்துக்கு இரண்டரை மணிநேரம் தாமதமாகப் போய், கட்டுரைக்கு ஒரு திருத்தம் வேண்டும் என்றேன். காரணத்தைக் கேட்டுவிட்டுச் செய்தி ஆசிரியர், “நம்ம ஆளே கொசு வளர்த்திருக்கான்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எட்டாம் பக்கத்தில் நாலு வரி வந்தது. நாட்டின் இழப்பைப் பற்றிய அந்த அறிக்கையை எடுத்துத் திரும்பப் படித்தேன். அதில் தவறாக ஏதும் இல்லை. ஆனால் ஜுரத்தோடு ஒத்துப்போகக் கற்றுக்கொண்டு, பத்து ஆளை ஐந்தாக எண்ணி வேலையைத் திட்டமிட்ட ஒரு மேஸ்திரிக்கு, தாம் எதையோ இழக்கிறோம் என்றே தோன்றியிருக்கவில்லை. அந்தச் சுழிகள் எல்லாம் இப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் சேர்ந்திருக்க வேண்டும்.

ஆவணியில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீடு நான்கு மாதம் தாமதமாக முடிந்தது. கூரைக்குத் தளஓடு பதித்தபோது மற்றக் குழாய்கள் போய்விட்டன. போர்ட்டிகோவுக்குப் பணம் போதவில்லை. அதன் ஓர வரப்பின்மேலேயே கைப்பிடிச் சுவர் எழும்பியதால் அதில் மட்டும் ஒன்று தங்கிவிட்டது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மேஸ்திரியின் மனைவியும் அந்தப் பெண்ணும் இனிப்போடு வந்தார்கள். பெண்ணுக்கு நாவலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை. வண்டலூருக்கு அப்பால் வீடு கட்டுகிறாளாம்; அன்றைக்குப் பத்து நாள் முன்பு காங்கிரீட் போட்டிருக்கிறார்கள். மேஸ்திரி ஏன் வரவில்லை என்று கேட்டேன். “இன்னிக்கு சனிக்கெழம ஆச்சே சார். தண்ணி வடிக்கணும்னு அங்கியே குந்திகினு கீறாரு. பெத்த பொண்ணு வூடு, வேற ஆள நம்பமாட்டாரு” என்றார் அம்மா. பிறகு மகளைப் போர்ட்டிகோவின் மேல்தளத்துக்கு அழைத்துப் போய்க் கைப்பிடிச் சுவரின் அடியைக் காட்டினார். மகள் குனிந்து பார்த்தாள்.

“இதுவா? நீ சொன்னதுலேர்ந்து பெருசா இருக்கும்னு நெனச்சேன்மா” என்றாள்.

அவர்கள் போனபின் சாயங்காலம் மழை பிடித்தது. பெரிய குழாயின் வாயில் வேப்பிலை அடைத்து, போர்ட்டிகோ மேல்தளத்தில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நின்றது. இலையை அள்ளுவதற்கு முன்னால் நான் அந்தத் துணிச்சுருளைப் பிடுங்கினேன். துருவோடு கொஞ்சம் செந்நிறமாக வந்து, பிறகு தெளிந்து, தண்ணீர் மெல்லிய கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது.